உறங்கும் ரேடியோகிராம்

கித்துல்கலையை உலகறியச் செய்தது ஒரு திரைப்படம். டேவிட் லீன் களனி கங்கையின் குறுக்கே மரப்பாலம் அமைத்துப் படம் பிடித்த 'குவாய் நதிப் பாலம்' 1957இல் வெளிவந்தது. அதில் போர்க்கைதிகள் சீழ்க்கையடித்தவாறு நடந்துவரும் அணிநடைப் பண் 1914இல் இயற்றப்பட்டது. படத்துக்குப் பின் அது இசைத்தட்டிலேறி நாடெங்கும் ஒலித்தது. அடுத்த ஆண்டான 1958இலேதான் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பெருமளவில் கடைகளுக்கு வந்தன. ஒரே தடத்தின் இரு சுவர்களில் இரு செவிகளுக்கும் உரிய ஒலிகளைத் தனித்தனியே பொறிக்கும் அம்முறைக்கு, ஆங்கிலப் பொறியியலாளர் ஆலன் புளும்லைன் 1931லேயே வழிவகுத்திருந்தார்.

வானொலி, தட்டுச்சுழலி, ஒலிபெருக்கி ஆகியவற்றை ஒரே மரப்பேழையில் அடக்கிய ரேடியோகிராம், அதன்பின் ஸ்டீரியோவாகவும் உருப்பெற்றது. தோட்டப்புறத்தில் அது பங்களாக்களின் செல்வம். லயத்து மக்களுக்குப் பாட்டைக் கொணர்ந்தது பற்றரியில் இயங்கிய சிறு வானொலியே. எனினும் பேழையாயினும் சிறு பெட்டியாயினும் ஒன்று பொது: ஒருவர் திருப்பினால் அருகிலிருந்தோர் அனைவரும் கேட்டனர். கடல் கடந்து தமிழகமும் செவிசாய்த்த இலங்கை வானொலி, இத்தகைய கூட்டுச் செவிகளை நம்பியே வளர்ந்தது.

இன்று அப்பேழைகளை உயிர்ப்பிக்க இளைஞர் சிலர் முன்வருகின்றனர், வரவேற்கத்தக்க ஆர்வம். ஆயினும் பல்லாண்டு உறங்கிய பெட்டியை உடனே 230 வோல்ட் மின்சாரத்தில் இணைத்தல் ஆகாது. மழையும் ஈரமும் மிகுந்த சப்ரகமுவவில் கண்டென்சர்கள் பழுதுற்றிருக்கும். மரத்தின் மேற்பலகை பிரிந்திருக்கும். தட்டுகளில் பூஞ்சணம் படர்ந்திருக்கும். தட்டைச் சுழற்றும் இறப்பர்ச் சக்கரமும் இறுகிப்போயிருக்கும். இறப்பர் விளையும் நாட்டவர்க்கு அதன் முதுமையைக் கூறவும் வேண்டுமோ! வால்வுகளுக்குரிய உயர் மின்னழுத்தம், இணைப்பைத் துண்டித்த பின்னும் கண்டென்சரில் தங்கி உயிருக்கு ஊறு செய்யும். ஆதலால் அது தேர்ந்த கைவினைஞரின் வேலை.

ஊசியிலும் கவனம் வேண்டும். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டின் தடம் அகன்றது. அதற்குரிய ஊசிமுனையின் ஆரம் ஏறத்தாழ 65 மைக்ரோன். ஸ்டீரியோ தட்டுக்கோ ஏறத்தாழ 18 மைக்ரோன் போதும். பழைய கனத்த ஊசியைப் புதிய தட்டின்மேல் வைத்தால் ஒரே ஓட்டத்தில் தடம் சிதையும்.

சிலர் உள்ளுறுப்புகளைப் பிடுங்கியெறிந்து பேழையை மதுக்குப்பி அலமாரி ஆக்குகின்றனர். சிலர் வால்வுகளை அகற்றிப் புளூடூத் கருவியை மட்டும் பொருத்துகின்றனர். இது புதுப்பித்தலன்று, தோலை வைத்துக்கொண்டு உயிரைப் போக்குதல். பழைய உறுப்புகளைச் செம்மைசெய்து, பாதுகாப்பான இணைப்புவாயில் உள்ள பெட்டியில் புளூடூத்தைத் துணையாகச் சேர்க்கலாம். அப்போது பேரன் கைத்தொலைபேசியிற் கேட்கும் பாட்டும், எந்தத் தொலைபேசியிலும் ஏறாத பாட்டனின் அரக்குத் தட்டும் ஒரே ஒலிபெருக்கியில் எழும்.

செவிக்குள் செருகிய கருவியால் இன்று ஒரே வீட்டில் நால்வர் நான்கு உலகில் வாழ்கின்றனர். ரேடியோகிராம் மீண்டும் பாடுமாயின், அது நால்வரையும் ஓர் அறைக்கு அழைக்கும். பழமையைப் பேணுவதன் பயன் அதுவே, மற்றவை அலங்காரம்.