உயரும் கொழும்பு – 11: தண்ணீருக்குக் கணக்குப் போட்டவர் யார்?

வெள்ளவத்தையிலோ கொள்ளுப்பிட்டியிலோ தொடர்மாடியில் வீடு வாங்க வருபவர்கள் கேட்காத கேள்வி இல்லை. வாசல் எந்தத் திசை, உறுதியில் வில்லங்கம் உண்டா, வாகனத் தரிப்பிடம் சேர்த்தா தனியா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் வீட்டுக்குள்ளும் வேலை செய்யுமா, கோயில் நடை தூரமா என்று எல்லாம் கேட்கிறார்கள். லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் பிள்ளைகள் வட்ஸ்அப்பில் குளியலறை டைல்ஸ் வரை விசாரிக்கிறார்கள். நெருப்புப் பிடித்தால் இந்தக் கட்டடம் என்ன செய்ய வேண்டும் என்று இருந்து யோசித்துக் கணக்குப் போட்டு வரைந்த மனிதர் யார், அவர் என்ன படித்தவர் என்று கேட்டவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. இந்த வாரம் அந்த மனிதரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

தீப் பாதுகாப்பு என்றதும் சுவரில் தொங்கும் சிவப்பு உருளையும் கூரையில் வரிசையாகத் தெரியும் ஸ்பிரிங்ளர் முனைகளும்தான் கண்ணுக்கு வருகின்றன. அவை கடையில் வாங்கக்கூடிய பொருட்கள். எந்த முனை, எத்தனை மீற்றருக்கு ஒன்று, அதற்குப் பின்னால் எவ்வளவு தண்ணீர் என்று முடிவெடுப்பதுதான் வடிவமைப்பு. முனையில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குமிழ் சிவப்பு நிறமானால் 68 பாகை செல்சியஸில் வெடிக்கும். சினிமாவில் காட்டுவதுபோல முழுக் கட்டடமும் ஒரேயடியாக நனையாது. சூடு பட்ட முனைகள் மட்டும் திறக்கும். அப்படித் திறக்கும்போது போதிய அழுத்தத்தில் தண்ணீர் வருகிறதா என்பதில்தான் உயிர் தங்கியிருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். இங்கு பலர் பின்பற்றும் ஐரோப்பிய நியமம் ஈஎன் 12845. அது அலுவலகத்தை ஓர் ஆபத்து வகுப்பிலும் பல்பொருள் அங்காடியை அதைவிடக் கடுமையான வகுப்பிலும் வைக்கிறது. இரண்டுக்கும் ஒரு சதுர மீற்றருக்கு நிமிடத்துக்கு 5 லீற்றர் தண்ணீர் விழ வேண்டும். ஆனால் அலுவலகத்தில் 72 சதுர மீற்றர் பரப்பு ஒரே நேரத்தில் எரியும் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அங்காடியில் 216 சதுர மீற்றர். அப்படியானால் அலுவலகத்துக்கு நிமிடத்துக்கு 360 லீற்றர், அங்காடிக்கு 1,080. இந்த ஓட்டம் 60 நிமிடம் நிற்க வேண்டும். முன்னதற்கு 21,600 லீற்றர், பின்னதற்கு 64,800. இவை மிகக் குறைந்த அளவுகள். குழாய் உராய்வையும் முனைகளுக்கு இடையிலான அழுத்த வேறுபாட்டையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

இப்போது ஆர். ஏ. டி மெல் மாவத்தையில் அலுவலகமாகக் கட்டிய ஒரு மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்தில் அது உடுப்புக் கடையாகிறது. கூரையில் அதே முனைகள், அடியில் அதே தாங்கி, அதே பம்பி. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. தேவைப்படும் தண்ணீரோ மூன்று மடங்காகிவிட்டது. துணி எப்படி எரியும் என்பது நமக்குப் புதிதல்ல. 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் தி சென்னை சில்க்ஸ் கட்டடம் எரிந்து, ஒரு பகுதி இடிந்து விழுந்து, கடைசியில் முழுவதையும் தரைமட்டமாக்க வேண்டி வந்தது. 2023 அக்டோபரில் நம் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் ஒரு துணிக்கடை தீப்பிடித்து, 20 பேருக்கு மேல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள்.

தண்ணீராவது கண்ணுக்குத் தெரியும். படிக்கட்டுக்குள் புகை வராமல் விசிறியால் காற்றை அடைத்து வைப்பது இன்னும் நுட்பமான வேலை. கதவுகள் மூடியிருக்கும்போது படிக்கட்டுக்குள் அழுத்தம் வெளியைவிட 50 பஸ்கால் அளவு கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தால் புகை உள்ளே நுழையும். எதற்கும் இருக்கட்டும் என்று பெரிய விசிறியைப் போட்டால் கதவைத் திறக்க முடியாது. திறக்கும் விசை 100 நியூட்டனைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்திருப்பது அதனால்தான். எட்டாம் மாடியில் தனியாக இருக்கும் 75 வயது அம்மம்மா இருட்டில் அந்தக் கதவைத் திறந்து வெளியேற முடியுமா என்பதை, வீடு கட்டும் முன்பே ஒருவர் கணக்கிட்டிருக்க வேண்டும்.

அந்த ஒருவர் யார்?

நம் நாட்டில் சட்டமும் சபைகளும் இல்லாமல் இல்லை. நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகாரசபை 2018இல் திருத்தி வெளியிட்ட தீ ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் திட்டமிடல் விதிகள் இருக்கின்றன. கொழும்பு மாநகர சபையின் தீயணைப்புச் சேவை வரைபடத்தைப் பார்த்துப் பரிந்துரை தர வேண்டும். கட்டி முடிந்த பிறகு நேரில் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் குடியேறுவதற்கான இணக்கச் சான்றிதழ் கிடைக்கும். தீ கண்டறியும், அணைக்கும் கருவிகளைப் பொருத்தும் ஒப்பந்தக்காரர்களைத் தனி வகையாகப் பதிவு செய்யும் முறையும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை பொறியியல் பேரவை உருவாகி, பட்டயப் பொறியியலாளர் முதல் தொழினுட்பவியலாளர் வரை பதிவு கட்டாயமானது.

இத்தனைக்கும் நடுவில் ஓர் இடம் வெறுமையாகக் கிடக்கிறது. சரிபார்ப்பவருக்குப் பதவி உண்டு, பொருத்துபவருக்குப் பதிவு உண்டு. வடிவமைப்பவருக்கு, அந்த வேலைக்கென்று தனித் தேர்வும் தனி உரிமமும் இல்லை. பொறியியல் பேரவையின் வகைகள் கல்வித் தரத்தைப் பிரிப்பவை. பாலம் கட்டுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவரும் பட்டயப் பொறியியலாளர்தான். அவர் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. படிக்கட்டின் காற்றழுத்தத்தை அவர் கணக்கிடுவார் என்று நான் நம்ப வேண்டியதில்லை.

நடுத்தரக் கட்டடங்களில் நடப்பதைக் கட்டுமானத் துறையில் இருக்கும் எவரிடமும் கேட்டுப்பாருங்கள். கட்டடக் கலைஞர் படத்தை முடித்த பிறகு, தீக் கருவிகள் விற்கும் நிறுவனத்திடம் விலைமனு கேட்பார்கள். வடிவமைப்பும் அந்த விலைக்குள்ளேயே வந்துவிடும், இலவசமாக. குறைந்த விலை கேட்டவருக்கு வேலை. குறைந்த விலை எதைக் குறைத்ததால் வந்தது என்று பார்க்க, விற்பவரைச் சாராத ஒருவர் அங்கே இல்லை. இப்படிப்பட்ட ஒரு வரைபடத் தொகுதியை நான் விரித்துப் பார்த்திருக்கிறேன். கட்டமைப்புத் தாள்களின் வலது மூலையில் பொறியியலாளரின் முழுப் பெயர், பதிவு இலக்கம், கையொப்பம். ஸ்பிரிங்ளர் தாளின் அதே மூலையில் விற்பனை நிறுவனத்தின் சின்னம். ‘வரைந்தவர்’ கட்டத்தில் இரண்டு எழுத்து. ‘சரிபார்த்தவர்’ கட்டத்திலும் அதே இரண்டு எழுத்து.

பொறுப்பு யாருடையது என்று பிற்பாடு தேடினால் என்ன ஆகும் என்பதற்கு மெல்பேர்னில் ஒரு வழக்கு இருக்கிறது. 2014 நவம்பர் 25 அதிகாலை, டொக்லண்ட்ஸ் பகுதியில் 21 மாடி லக்ரோஸ் கட்டடம். எட்டாம் மாடி பல்கனியில் யாரோ சரியாக அணைக்காமல் விட்ட சிகரெட் துண்டு. வெளிச்சுவரில் ஒட்டியிருந்த அலுமினியக் கூட்டுத் தகடு வழியாகத் தீ சுமார் 11 நிமிடத்தில் உச்சி மாடியைத் தொட்டது. ஸ்பிரிங்ளர்கள் எதிர்பார்த்ததற்கும் மேலாக வேலை செய்தன. ஒருவரும் சாகவில்லை. 2019 பெப்ரவரியில் விக்டோரியா தீர்ப்பாயம் பொறுப்பைப் பங்கிட்டது. சிகரெட் பிடித்தவருக்கு 3 வீதம், கட்டடக் கலைஞருக்கு 25, கட்டடத்துக்கு அனுமதி அளித்த அளவையாளருக்கு 33, தீப் பொறியியலாளருக்கு 39. தீயை மூட்டியவரைவிடப் பதின்மூன்று மடங்கு பொறுப்பு, தீயைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவருக்கு. கடுமையான தீர்ப்புத்தான், ஆனால் நியாயமானது. இங்கே ஒரு வழக்கு வந்தால் அந்த 39 வீதத்தை யார் தலையில் எழுதுவது? இரண்டு எழுத்தின் மீது வழக்குப் போட முடியாது.

லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீயால் 72 பேர் இறந்தார்கள். ஏழு வருட விசாரணைக்குப் பிறகு 2024 செப்டம்பரில் வந்த இறுதி அறிக்கை, பிரித்தானியாவில் எவரும் தம்மைத் தீப் பொறியியலாளர் என்று சொல்லிக்கொள்ளலாம், அதைத் தடுக்கச் சட்டம் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டியது. அந்தத் தொழிலைச் சட்டத்தால் பாதுகாத்து, சுதந்திரமான அமைப்பொன்று அவர்களை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. நாம் பல விதிகளைக் கடன் வாங்கிய நாடே இதை இவ்வளவு பெரிய இழப்புக்குப் பிறகுதான் கற்றுக்கொண்டிருக்கிறது.

சிங்கப்பூர் காத்திருக்கவில்லை. விதிப்புத்தகத்தை விட்டு விலகிப் பொறியியல் கணக்கின் அடிப்படையில் கட்டடத்தை வடிவமைப்பதானால், அங்கே சிவில் பாதுகாப்புப் படையில் பதிவு பெற்ற தீப் பாதுகாப்புப் பொறியியலாளர் வேண்டும். அவருடைய கணக்கை இன்னொருவர் மறுபார்வை செய்ய வேண்டும். கட்டி முடிந்ததும் வடிவமைப்பில் சம்பந்தப்படாத பதிவு பெற்ற பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2020இல் சட்டம் வந்தது. 2021 ஜூலை 1 முதல் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் தீ அமைப்புகளைப் பதிவு பெற்ற வடிவமைப்பாளரே வரைந்து, விதிக்கு இணங்கியது என்று தன் பெயரில் பிரகடனம் செய்ய வேண்டும். ஸ்பிரிங்ளர், தீ எச்சரிக்கை, புகைக் கட்டுப்பாடு ஆகியவை அங்கே வெவ்வேறு துறைகள். ஒன்றில் தேர்ந்தவர் மற்றதில் கைவைக்க முடியாது.

அமெரிக்க முறையைத்தான் நமக்கு மிகவும் பயனுள்ளதாக நினைக்கிறேன். அங்கே தீப் பாதுகாப்புப் பொறியியலாளருக்கென்று மாநில உரிமத் தேர்வு உண்டு. அதற்குக் கீழே, குழாய் வழியை வரையும் தொழினுட்பவியலாளருக்கு ‘நைசெட்’ என்ற அமைப்பு நான்கு படிநிலைகளில் சான்று தருகிறது. பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவரும் வேலை அனுபவத்தைக் காட்டித் தேர்வெழுதி ஏறலாம். தோஹாவிலும் துபாயிலும் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் பலருக்கு இந்தச் சான்றிதழ் நன்கு தெரியும். தோஹாவில் 2012 மே 28 அன்று வில்லாஜியோ அங்காடியில் தீப்பிடித்து 13 குழந்தைகள் உட்பட 19 பேர் இறந்தார்கள். அந்த மண்ணில் தீ அமைப்பைக் கற்று அனுபவத்தோடு திரும்பி வரும் தம்பிக்கு, கொழும்பில் அந்த அறிவைப் பதிந்து வைக்க ஒரு ஏடு இல்லை. அவர் கருவி விற்பனையாளராகவோ மேசன் மேற்பார்வையாளராகவோ ஆகிவிடுகிறார். இதைவிட வீணான செலவு ஒரு நாட்டுக்கு இருக்க முடியாது.

ஆட்கள் போதாது, கட்டுமானச் செலவு ஏறும் என்று இதற்கு மறுப்புச் சொல்வார்கள். ஆட்கள் போதாது என்பது உண்மை. அதற்காகத்தான் படிநிலை வேண்டும் என்கிறேன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடச் சேவைப் பொறியியலுக்குப் பட்டமேற்படிப்பு இருக்கிறது. இலங்கைப் பொறியியலாளர் நிறுவனத்துக்கு 1906 வரை போகும் வரலாறும், பட்டயத் தேர்வு நடத்திய நீண்ட பழக்கமும் இருக்கின்றன. பொறியியல் பேரவை இருக்கும் பதிவேட்டில் ஒரு தனிப் பிரிவைத் திறக்கலாம். நம் தீ ஒழுங்குவிதிகளில் ஒரு தேர்வு, கையொப்பமிடுபவருக்குத் தொழில்சார் காப்புறுதி, சில வருடங்களுக்கு ஒருமுறை புதுப்பித்தல் என்று தொடங்கினால் போதும். முதலில் உயர்மாடிகளுக்கும் வைத்தியசாலைகளுக்கும் கட்டாயமாக்கி, மற்றவற்றைப் பிறகு சேர்க்கலாம். கருவி விற்பவரும் வடிவமைப்பில் கையொப்பமிடுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற ஒரு விதியில் மட்டும் விட்டுக்கொடுப்பு வேண்டாம்.

செலவைப் பற்றி ஒன்றே சொல்வேன். வடிவமைப்பாளருக்குக் கொடுக்கும் கட்டணம், லிப்டுக்கு முன்னால் பதிக்கும் கருங்கல்லின் விலைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசக்கூடியது. கருங்கல்லுக்கு எவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

சட்டம் வரும்வரை வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின் கீழ் வீடு வைத்திருப்பவர்களுக்குக் கட்டடத்தின் பொதுப்பகுதிகளிலும் பங்கு உண்டு. தாங்கியும் பம்பியும் படிக்கட்டு விசிறியும் உங்கள் சொத்து. அடுத்த முகாமைத்துவக் குழுக் கூட்டத்தில் எழுந்து, தீ அமைப்பின் வரைபடத்தையும் தண்ணீர்க் கணக்கையும் மேசைக்கு எடுத்துவரச் சொல்லுங்கள். எந்தப் பயன்பாட்டுக்காக அந்தக் கணக்குப் போடப்பட்டது, இன்று அந்த மாடியில் என்ன நடக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வரைபடத்தின் மூலையில் ஒரு முழுப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தகுதியுள்ள பொறியியலாளர் ஒருவரை அழைத்துக் கணக்கை மறுபடி போடச் சொல்லி, அவர் பெயரையும் பதிவு இலக்கத்தையும் அதில் எழுதி வாங்குங்கள்.