ஹேம்குண்ட் மலையிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர்

பஹாவ் வட்டாரத் தோட்டமொன்றில் நான் சிறுவனாக இருந்த காலம். இருட்டோடு இருட்டாக அம்மா பெரட்டுக்குக் கிளம்பும் வேளையில், பால் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓர் அம்மாள் லயம் லயமாக வருவார். தோட்டத்து ஸ்டோரில் ஜாகாவாக இருந்த சீக்கியரின் மனைவி. எங்கள் வீட்டார் சேகரித்தது மரத்துப் பால். அவர் கொண்டு வந்தது மாட்டுப் பால். தமிழை எங்களைப் போலவே பேசுவார். "பால்காரம்மா" என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறி வந்ததால் பஞ்சாபியருக்கு இந்நாட்டில் "வங்காளி" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. காவல் துறை, ஜாகா வேலை, மாட்டு வண்டி, பால் வியாபாரம் என்று நம்மைப் போலவே உழைத்துப் பிழைக்க வந்தவர்கள் அவர்கள். பால்காரம்மாவின் மகன் எனக்குப் பள்ளித் தோழன். தோட்டத்தை விட்டு இரு குடும்பங்களும் சிரம்பானுக்கு வந்த பிறகும் நட்பு தொடர்ந்தது.

2018-இல் ஒருநாள் நண்பர் சொன்னார்: "அம்மாவுக்கு எண்பத்து நாலு வயசாச்சு. ஹேம்குண்ட் போகணும்னு அப்பா காலத்திலேருந்து சொல்லிக்கிட்டிருக்காங்க. இனிமே அவங்களால ஏற முடியாது. நான் போய்க் குளிச்சிட்டு அந்தத் தண்ணியைக் கொண்டு வரேன்னு வாக்குக் கொடுத்திட்டேன். நீயும் வாயேன்."

செப்டம்பர் மாதம் நண்பர், அவர் மகன், நான் மூவரும் கிளம்பினோம்.

எங்கே இருக்கிறது?

ஹேம்குண்ட் சாகிப், வட இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்தில், சமோலி மாவட்டத்தில், இமயமலை மீது இருக்கிறது. உயரம் சுமார் 15,000 அடி என்பார்கள். நம் நெகிரி செம்பிலானில் பலரும் ஏறும் அங்சி மலை 825 மீட்டர்தான். சபாவின் கினபாலு 4,095 மீட்டர். ஹேம்குண்ட் அந்தக் கினபாலுவையும் விட உயரம்! சீக்கியர் கோயில்களிலேயே மிக உயரமான இடங்களில் ஒன்று இது.

டில்லியிலிருந்து ரிஷிகேஷ், அங்கிருந்து மலைப்பாதையில் ஏறக்குறைய ஒரு முழு நாள் பயணம். வழியில் தேவப்பிரயாகையில் அலக்நந்தாவும் பாகீரதியும் கலந்து கங்கை என்று பெயர் பெறுகின்றன. ஆழ்வார் பாடிய "திருக்கண்டம் என்னும் கடிநகர்" இதுதான் என்று வண்டியில் நான் சொன்னபோது, நண்பர் வண்டியை நிறுத்தச் சொல்லி எனக்காக இறங்கினார். ஜோசிமடத்தைத் தாண்டி கோவிந்த்காட் வந்தால் வண்டிப் பாதை பிரிகிறது. நேரே போனால் பத்ரிநாத். ஆற்றைக் கடந்து வலப்புறம் ஏறினால் ஹேம்குண்ட்.

ஜீப் ஓடும் புல்னா கிராமத்துக்கு அப்பால் நடைதான். சுமார் பத்துக் கிலோமீட்டர் ஏறினால் காங்காரியா. பத்தாயிரம் அடி உயரத்தில், பருவ காலத்தில் மட்டும் ஆள் நடமாட்டம் உள்ள சிற்றூர் அது. குருத்வாராவில் தங்க இடமும் உணவும் எல்லாருக்கும் உண்டு. பெயரோ மதமோ பார்த்து யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. தலையை மூட வேண்டும், காலணியைக் கழற்ற வேண்டும், புகையும் மதுவும் கூடாது. அவ்வளவுதான்.

தேடிக் கண்டவர்கள்

சீக்கியரின் பத்தாவது குரு கோவிந்த் சிங் (1666–1708), முற்பிறவியில் ஏழு சிகரங்கள் சூழ்ந்த ஹேம்குண்டில் தவம் செய்ததாக, அவருடைய "பச்சித்தர் நாடகம்" கூறுகிறது. ஆனால் அந்த இடம் எது என்று நெடுங்காலம் யாருக்கும் தெரியாது.

அதைத் தேடிப் புறப்பட்டவர் அரசரும் அல்லர், செல்வரும் அல்லர். சோகன் சிங் என்பவர், பட்டாளத்தில் வேதம் ஓதும் கிரந்தியாக இருந்து ஓய்வு பெற்றவர். மலைகளில் அலைந்து, உள்ளூர் மக்களிடம் விசாரித்து, 1934-இல் இந்தக் குளத்தைக் கண்டார். பட்டாளத்து ஹவில்தார் மோதன் சிங் அவருக்குத் துணையானார். 1936-இல் பத்தடிக்குப் பத்தடியில் ஒரு சிறு அறைதான் முதலில் எழுந்தது. 1939-இல் சோகன் சிங் மறைந்த பின், மோதன் சிங் 1960-இல் தாம் மறையும் வரை அந்தப் பணியை விடவில்லை. காங்காரியாவில் மரப்பொந்தில் படுத்து உறங்கினார் என்று சொல்கிறார்கள். பனியின் பாரத்தைத் தாங்கும்படி கட்டிய இன்றைய நட்சத்திர வடிவக் கட்டடம் அதற்குப் பின் வந்தது.

மலைவாசிகளுக்கோ அந்தக் குளம் முன்பே புனிதமானது. அவர்கள் அதை "லோக்பால்" என்பார்கள். இராமன் தம்பி இலக்குமணன் தவம் செய்த இடமென்று நம்புகிறார்கள். அவனுக்கும் கரையிலேயே ஒரு சிறு கோயில் உண்டு. குளத்திலிருந்து இறங்கும் ஆற்றுக்கு லட்சுமண கங்கை என்றே பெயர். ஒரே தண்ணீர், இரண்டு கோயில். சண்டை ஏதும் காணோம்.

நாங்கள் செய்த தவறு

காங்காரியாவிலிருந்து மேலே 6 கிலோமீட்டர். கேட்பதற்குக் குறைவு, ஆனால் அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். அங்கே காற்று மெலிந்தது. கடலோரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் அறுபது சதவீதத்துக்கும் சற்றுக் குறைவாகவே உச்சியில் கிடைக்கும். உடல் பழக அவகாசம் வேண்டும். காங்காரியாவில் இரண்டு இரவு தங்கியிருக்க வேண்டும். நாங்கள் விடுமுறை நாளை எண்ணிக்கொண்டு ஓர் இரவோடு கிளம்பிவிட்டோம்.

அன்று இரவே நண்பருக்குத் தலைவலி. வாக்குக் கொடுத்தவர் அல்லவா, யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டார். விடியற்காலை ஏறத் தொடங்கினோம். பாதியைத் தாண்டியதும் வாந்தி எடுத்தார். சற்று நேரத்தில் கால் தடுமாறியது. குடிக்காத மனிதர் குடித்தவரைப் போல் நடந்தார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எதிரே "கண்டி" சுமக்கும் நேப்பாளத் தொழிலாளி ஒருவர் வந்தார். கண்டி என்பது முதுகில் கட்டிய கூடை. நடக்க முடியாதவரை அதில் உட்கார வைத்துச் சுமப்பார்கள். இரண்டு பக்கமும் பால் தொங்கக் காண்டா சுமந்து என் அப்பாவுக்குத் தோள் காய்த்துப் போயிருந்தது. அதே காய்ப்பை இவர் நெற்றியில் கண்டேன், வார் அழுத்திய இடத்தில். நண்பரின் முகத்தைப் பார்த்தவுடனே அவர் கையைக் கீழ்நோக்கிக் காட்டினார். "நீச்சே! நீச்சே!" கீழே, கீழே!

நண்பர் ஒப்பவில்லை. "இன்னும் கொஞ்ச தூரந்தானே" என்று அழுதார். அவர் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, பாட்டிக்குத் தண்ணி வேணும், ஆனா அதைவிட நீங்க வேணும்" என்றான். அதற்குப் பிறகுதான் கூடையில் உட்கார்ந்தார். நானும் திரும்பினேன். அப்போது என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"நீ எங்கே வர்றே? எனக்குத்தான் மகன் இருக்கானே. நீ மேலே போடா. எல்லாரும் திரும்பிட்டா அம்மாவுக்கு யாரு தண்ணி கொண்டு போறது?"

வெறும் போத்தலை என் கையில் திணித்தார்.

உச்சியில்

பத்தடிக்கு ஒரு தரம் நின்று நின்று ஏறினேன். கடைசியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்படிகள். மூடுபனி விலகியபோது, சுற்றிலும் மலைச் சிகரங்கள், நடுவே அசையாத குளம். பாறை இடுக்கில் பிரம்ம கமலம் பூத்திருந்தது. ஆண்கள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நீரில் இறங்கினார்கள். நண்பர் பெயரைச் சொல்லி நானும் முழுகினேன். குளிரில் மூச்சே நின்றுவிடும் போல் இருந்தது. போத்தலை நிரப்பிக்கொண்டேன். இலக்குமணன் கோயிலிலும் கும்பிட்டேன்.

சமூக உணவுக் கூடத்தில் சூடான கிச்சடியும் தேநீரும் கொடுத்தார்கள். வரிசையாகத் தரையில் அமர்ந்து சாப்பிட்டோம். என் பக்கத்தில் இருந்தவர் சுமைதூக்கி. அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் பெரிய அதிகாரி போல் தெரிந்தார். இருவருக்கும் ஒரே கரண்டிதான். இரவு அங்கே யாரும் தங்க முடியாது. சாப்பிட்டவுடன் இறங்கினேன்.

காங்காரியாவில் நண்பர் எழுந்து உட்கார்ந்திருந்தார். கீழே வர வரத் தெளிவு வந்துவிட்டதாம். இந்த நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவதுதான் என்று பிறகு மருத்துவர் ஒருவர் சொன்னார்.

போக விரும்புவோருக்கு

மே இறுதி அல்லது ஜூன் முதல் அக்டோபர் முற்பகுதி வரைதான் கோயில் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் பனி மூடிவிடும். ஜூலை, ஆகஸ்டில் காங்காரியாவுக்கு அருகிலுள்ள பூப்பள்ளத்தாக்கு கண்கொள்ளாக் காட்சி. ஆனால் மழையும் மண்சரிவும் அதிகம். 2013 ஜூன் வெள்ளம் கோவிந்த்காட்டைப் பெரிதும் சேதப்படுத்தியது. 2023 தொடக்கத்தில் ஜோசிமடத்தில் நிலம் தாழ்ந்து வீடுகள் விரிந்தன. பாதை நிலவரம் அறிந்தே கிளம்புங்கள்.

இருதய நோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு — இவை வந்தால் மறைக்காதீர்கள், மேலே ஏறாதீர்கள். இளைஞர்களுக்கும் இது வரும். கோவேறு கழுதையில் போகிறவர்களுக்கும் வரும். கோவிந்த்காட்டிலிருந்து 12.4 கிலோமீட்டருக்குக் கம்பிவட ஊர்தி அமைக்க 2025 மார்ச்சில் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. அது கால்வலியைக் குறைக்கும். மெலிந்த காற்றை மாற்றாது. சுமந்து பிழைக்கும் அந்தத் தொழிலாளர்களின் கதி என்னவாகுமோ என்ற கவலையும் எனக்கு உண்டு.

வீட்டில்

சிரம்பான் வந்து சேர்ந்ததும் நேரே பால்காரம்மாவிடம் போனோம். போத்தலை நண்பர் கையில் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

"நான் போகலம்மா. பாதியிலே திரும்பிட்டேன். இவன்தான் போனான்."

அம்மா போத்தலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு மடக்குக் குடித்தார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார்:

"யாரு போனா என்ன தம்பி? ரெண்டு பேரும் என் கையாலே பால் வாங்கிக் குடிச்சவங்கதானே."

மிச்சத் தண்ணீரை எங்கள் இருவர் உள்ளங்கையிலும் ஊற்றினார். குடித்தோம்.