காவிரி முழுக்கும் நடுவயதுப் பெண்களின் உடல்நலமும்

பிரிட்டன் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளில் ஏரியிலும் ஆற்றிலும் கடலிலும் குளிர்நீரில் நீந்தும் பழக்கம் நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடையே அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொல்லைகளை அது தணிக்கிறது என்று அவர்களில் பலர் கூறுகின்றனர். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாக அமைந்த ஸ்ரீரங்கத்திலும், காவிரியின் தென்கரையில் உள்ள திருச்சிராப்பள்ளியிலும் அதே வயதுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக விடியற்காலையில் ஆற்றில் முழுகி வந்துள்ளனர். இரண்டும் ஒரே பலனைத் தருமா, தருமெனில் அது நீரின் குளிர்ச்சியால் வருவதா, வேறொன்றால் வருவதா என்பது ஆராயத்தக்க கேள்வியாகும்.

காவிரிக் குளியலுக்குத் தனி நாட்காட்டியே உண்டு. ஆடிப் பதினெட்டில் புதுப்புனலை வரவேற்கும் பெண்கள், துலா மாதம் எனப்படும் ஐப்பசியில் நாள்தோறும் நீராடுவதைப் புண்ணியமாகக் கருதுகின்றனர். திருப்பராய்த்துறையில் முதல் முழுக்கும் மயிலாடுதுறையில் கடைமுழுக்கும் இடுவது மரபு. ஆண்டின் பிற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக் குடங்களில் அரங்கநாதர் கோயிலுக்கு வரும் திருமஞ்சன நீர், ஐப்பசியில் மட்டும் அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து பொற்குடத்தில் யானைமீது வருகிறது. பரிபாடல் கூறும் வையைத் தைந்நீராடலும், திருப்பாவை கூறும் மார்கழி நோன்பும் கன்னிப்பெண்களின் நீராடலையே பேசுகின்றன. பேரப்பிள்ளை எடுத்த வயதிலும் படித்துறைக்கு வருவதை விடாத பெண்களைப் பற்றி இலக்கியம் அவ்வளவாகப் பேசவில்லை.

அம்மா மண்டபத்தில் அவர்கள் ஆற்றில் இறங்கும் முறை கவனிக்கத்தக்கது. படிக்கல்லில் மஞ்சளை உரசிப் பூசிக்கொண்டு, கணுக்கால் நனையும் படியில் சற்று நின்று, கையால் நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்ட பிறகே முழங்காலளவு, இடுப்பளவு என்று படிப்படியாக இறங்குகின்றனர். பின்னர் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு. எவரும் தடாலென்று குதிப்பதில்லை. சடங்காகக் கைக்கொள்ளப்படும் இந்த நிதானம் உடலியல் நோக்கிலும் சரியானதே.

ஆய்வாளர்கள் பொதுவாக 15 டிகிரி செல்சியசுக்குக் குறைவான நீரையே குளிர்நீர் என்கின்றனர். அத்தகைய நீரில் திடீரென இறங்குபவருக்கு முதல் அரை நிமிடத்தில் தன்னையறியாமல் மூச்சு வாரி இழுக்கிறது; தோலின் இரத்த நாளங்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் ஏறி, இதயம் விரைந்து துடிக்கிறது. ‘குளிர் அதிர்ச்சி’ எனப்படும் இந்நிலை ஓரிரு நிமிடங்களில் தணிந்துவிடும் என்றாலும், அந்த மூச்சிழுப்பின்போது முகம் நீருக்குள் இருந்தால் நன்றாக நீந்தத் தெரிந்தவரும் மூழ்க நேரிடும்.

திருச்சியில் மார்கழி இரவிலும் குளிர் சராசரியாக 20 டிகிரியை ஒட்டியே நிற்பதால், காவிரி நீர் அந்த 15 டிகிரி அளவுக்குக் குளிர்வதில்லை. ஆயினும் மனிதத் தோலின் வெப்பம் ஏறத்தாழ 33 டிகிரியாக இருப்பதாலும், காற்றைவிட நீர் உடல் வெப்பத்தைப் பல மடங்கு விரைவாகக் கடத்துவதாலும், 25 டிகிரி நீர்கூட விடியற்காலையில் சிலிர்க்க வைக்கிறது. எனவே மேலைநாட்டுக் குளிர்நீர் நீச்சலுக்குச் சொல்லப்படும் பலன்களையும் ஆபத்துகளையும் காவிரிக் குளியலுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46 வயதையொட்டி நிற்கிறது. மேலைநாடுகளில் அது 51 வயதையொட்டி நிகழ்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குறையும்போது, உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப்பகுதி சிறு வெப்ப மாற்றத்தையும் பொறுத்துக்கொள்ளாத நிலையை அடைகிறது. அதனால் முகத்திலும் கழுத்திலும் திடீரென அனல் பரவி, வியர்த்துக் கொட்டுவதை மருத்துவர்கள் ‘ஹாட் ஃப்ளஷ்’ என்கின்றனர். தூக்கக் குறைவு, காரணமில்லாத பதற்றம், எரிச்சல், மூட்டுவலி ஆகியவையும் பலருக்கு உடன் வருகின்றன.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் குளிர்நீரில் நீந்தும் 1,114 பெண்களிடம் கருத்துக் கேட்டு 2024இல் வெளியிட்ட ஆய்வில், மாதவிடாய் நிறுத்தப் பருவத்தில் இருந்தவர்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் பதற்றம் குறைந்ததாகவும், 30 விழுக்காட்டினர் அனல் தொல்லை குறைந்ததாகவும் தெரிவித்தனர். நீச்சலை விரும்பி மேற்கொண்டவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொன்னவை இவை. நீந்தாதவர்களோடு ஒப்பிட்டுப் பெற்றவை அல்ல. குளிர்நீரில் இறங்கினால் நார்அட்ரினலின், டோபமின் ஆகிய வேதிப்பொருள்கள் இரத்தத்தில் பல மடங்கு பெருகுகின்றன என்று காட்டுவதற்கு அடிக்கடி எடுத்தாளப்படும் 2000ஆம் ஆண்டு ஆய்வோ இளம் ஆண்களை 14 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் அமர்த்திச் செய்யப்பட்டது. அதை வைத்து ஐம்பது வயதுப் பெண்ணுக்கு முடிவு சொல்ல இயலாது.

நடுவயதும் முதுமையும் குளிர்நீருக்குத் தடையல்ல என்பதற்குக் கொரியாவின் ஜேஜு தீவில் மூச்சடக்கிக் கடலில் மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் ஹேனியோ பெண்கள் சான்று. இவர்களின் மரபை யுனெஸ்கோ 2016இல் பண்பாட்டு மரபுரிமையாக ஏற்றது. இன்று இத்தொழிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். பருத்தி உடையில் மூழ்கிய காலத்தில் அவர்களின் உடல் குளிரைத் தாங்கப் பழகியிருந்ததையும், ரப்பர் உடை வந்த சில ஆண்டுகளில் அத்தாங்குதிறன் மறைந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். இடைவிடாத பழக்கமே உடலைப் பக்குவப்படுத்துகிறது என்பதும், பழக்கம் நின்றால் பக்குவமும் போய்விடுகிறது என்பதும் இதனால் தெளிவாகின்றன.

காவிரிக் குளியலின் பலனையும் இந்நோக்கிலேயே காண வேண்டும். கழுத்தளவு நீரில் நிற்பவரின் கால்கள் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையும், இடுப்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் பாதியளவையும் மட்டுமே சுமப்பதால், முட்டிவலி உள்ளவரும் நீரில் எளிதாக அசைய முடிகிறது. வீட்டிலிருந்து படித்துறைக்கு நடந்துசென்று படியிறங்கி ஏறுவதால் எலும்புக்குத் தேவையான சுமை கிடைக்கிறது. எடையைச் சுமக்காத நீச்சல் மட்டும் எலும்பை வலுப்படுத்தாது என்பதால் இந்த நடை புறக்கணிக்கத்தக்கதன்று. வீட்டுக் கவலைகளை வாய்விட்டுப் பேச அந்த வேளையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருப்பதும் மனத்துக்கு ஆறுதல்.

ஆனால் முழுக்கு வேறு, நீச்சல் வேறு. உலகச் சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியைப் பரிந்துரைக்கிறது. மூன்று முழுக்கு அதை ஈடுசெய்யாது. நீந்தத் தெரியாதவருக்கு ஆறு பாதுகாப்பான இடமும் அல்ல. மேட்டூர் அணையின் திறப்பைப் பொறுத்து நீரோட்டம் மாறுகிறது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் முக்கொம்பில் கொள்ளிடத்தின் மதகுகளே உடைந்தன. மணல் அள்ளிய பள்ளங்கள் நீர்மட்டத்துக்கு மேலே தெரிவதில்லை. மாதவிடாய் நின்ற பின் எலும்பின் அடர்த்தி குறைவதால், பாசி படிந்த படியில் ஒருமுறை வழுக்கினாலும் மணிக்கட்டோ இடுப்பெலும்போ முறியக்கூடும். கழிவுநீர் கலக்கும் இடத்தில் குளித்தால் தோல் நோயும் எலிக்காய்ச்சலும் வரலாம்.

ஆகவே இதய நோய், உயர் இரத்த அழுத்தம், கால் மரத்துப்போகும் அளவுக்கு முற்றிய நீரிழிவு ஆகியவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே ஆற்றில் இறங்க வேண்டும். எவரும் தனியாக இறங்கலாகாது. நனைந்த புடவையோடு நெடுநேரம் காற்றில் நிற்காமல் உடனே துவட்டி உடை மாற்ற வேண்டும். அனல் தொல்லை தூக்கத்தைக் கெடுக்குமளவுக்கு இருந்தால், அதற்கு மருத்துவச் சிகிச்சை உண்டு என்பதையும் பெண்கள் அறிந்திருத்தல் நலம். நீர் குளிர்ந்ததா என்பதைவிட, பழக்கம் நாள்தோறும் தொடர்கிறதா என்பதே முக்கியம். படித்துறைகளில் கைப்பிடியும், பாசி நீக்கிய படியும், பூட்டக்கூடிய உடை மாற்றும் அறையும் அமைவதும், திருச்சி அண்ணா விளையாட்டரங்கத்தைப் போன்ற இடங்களின் நீச்சல் குளங்களில் நாற்பது வயதைக் கடந்த பெண்களுக்குப் பெண் பயிற்சியாளரோடு தனி நேரம் ஒதுக்கப்படுவதும் பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. ஆற்றங்கரையில் வாழும் பெண்கள், எந்த வயதானாலும், அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். நீந்தவும் கற்றுக்கொள்ள வேண்டும்.