நான்கு சக்கரக் கணக்கு – 9: நிற்கிற வண்டியும் தின்னும்

போன வாரம் டயரோடு நிறுத்தினோம். இந்த வாரம், கார் வாங்கப் போகிற எல்லோரும் கேட்கிற இரண்டு கேள்விகள்: ‘வண்டி மக்கர் பண்ணுமா? மைலேஜ் எவ்வளவு?’

கோடை வெயிலில் மேடேறிய அம்பாசிடர் சில நேரம் பாதியில் நின்றுவிடும். டிரைவர் பதற மாட்டார். பானெட்டைத் தூக்கி, துண்டை நனைத்து, இன்ஜினுக்குப் பெட்ரோல் இழுத்துத் தரும் பம்ப்பின் மேல் போர்த்துவார். சூட்டில் ஆவியாகிவிட்ட பெட்ரோலைப் பம்ப்பால் இழுக்க முடியாது. சூடு தணிந்தால் இழுக்கும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் வண்டி தயார். இன்ஜின் மிஸ்ஸானால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி பாயின்ட்டை உப்புத்தாளால் ஒரு தேய் தேய்ப்பார். அவ்வளவுதான்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், எடையில் அம்பாசிடரின் பாதியைவிடச் சற்றே அதிகம். சாவியைத் திருப்பினால் கிளம்பியது. பானெட்டைத் திறக்கிற வேலையே குறைந்தது.

இரண்டையும் நம்பித்தான் ஓட்டினார்கள். ஆனால் ஒன்று, நின்றாலும் எங்கேயும் சரிசெய்துவிடலாம் என்கிற நம்பிக்கை. அதற்கு ஊருக்கு ஊர் கைதேர்ந்த மெக்கானிக்கும், சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய பாகம் கிடைக்கிற கடைத்தெருவும் வேண்டும். மற்றொன்று, சுலபத்தில் நிற்காது என்கிற நம்பிக்கை. மக்கள் இரண்டாவதன் பக்கம் போனார்கள். 2014இல் இரண்டின் தயாரிப்பும் நின்றது: மாருதி 800 ஜனவரியில், அம்பாசிடர் மே மாதத்தில்.

இனி மைலேஜ். ஒரு கணக்குப் போடுவோம். 8 லட்சத்துக்கு வாங்கிய கார். எட்டு வருடம் கழித்து 3.2 லட்சத்துக்குப் போகிறது. கரைந்தது 4.8 லட்சம், மாதம் 5,000 ரூபாய். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுகிற குடும்பத்துக்கு, கிலோமீட்டருக்கு 10 ரூபாய். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 15 என்றால், எரிபொருளுக்கு 6 ரூபாய் 67 காசுதான். பங்க்கில் கொடுக்கிற காசு கண்ணுக்குத் தெரிகிறது. போர்ட்டிகோவில் நின்றபடியே வண்டி தின்கிற காசு, விற்கப் போகிற அன்றுதான் தெரிகிறது.

மைலேஜ் 15க்குப் பதில் 18 தருகிற வண்டி வாங்கினால் இந்தக் குடும்பத்துக்கு மாதம் மிச்சம் சுமார் 555 ரூபாய். அதே 15 கிலோமீட்டர் வண்டியைப் பன்னிரண்டு வருடம் வைத்திருந்து 2 லட்சத்துக்கு விற்றால்? கரைவது மாதம் 4,167 ரூபாயாக இறங்கும், மிச்சம் 833. ஆனால் அந்தக் கடைசி நான்கு வருடத்தில் கிளட்ச், சஸ்பென்ஷன், ரேடியேட்டர் என்று வண்டி வரிசையாகப் படுத்தால், மிச்சம் முழுவதும் ஒர்க்‌ஷாப் பில்லில் போய்விடும். மக்கர் பண்ணாத வண்டியின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது: அதைப் பயமில்லாமல் கூடுதல் காலம் வைத்துக்கொள்ளலாம்.

வாடகை வண்டிக்காரருக்குக் கணக்கு தலைகீழ். மாதம் 5,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அந்த மூன்று கிலோமீட்டர் மைலேஜ் 5,500 ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடித்துத் தரும். அவர் முதலில் மைலேஜைக் கேட்பது நியாயம். வண்டி ஒருநாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றாலும் அன்றைய வருமானமும் போச்சு என்பதால், ‘மக்கர் பண்ணுமா?’ என்கிற கேள்வியும் அவருக்கு உயிர்க் கேள்விதான்.

எனவே ஷோரூமுக்குக் கிளம்பும் முன், இப்போது ஓட்டுகிற வண்டியின் ஓடோமீட்டரை இன்றைக்கு ஒரு தாளில் குறித்துவையுங்கள். சரியாக ஒரு மாதம் கழித்து மறுபடி பாருங்கள். பைக்காக இருந்தாலும் சரி. எந்தக் கார் என்பதை அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசம் பாதி முடிவு செய்துவிடும்.

(தொடரும்)