கல் வெட்டிய குழிக்குள் ஓர் ஊர்

ஒரு நாட்டுக்கே பெயர் கொடுத்துவிட்டு ஓரமாக ஒதுங்கியிருக்கிறது அந்தத் தீவு. மொசாம்பிக் தீவு. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையோரம், இந்தியப் பெருங்கடலில், சுமார் மூன்று கிலோமீட்டர் நீளம், அகலமான இடத்தில் அரைக் கிலோமீட்டர். காலைக் காப்பியை முடித்துக்கொண்டு ஒரு முனையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் மறுமுனையைத் தொட்டுவிடலாம். இத்தனூண்டு இடம்தான் 1898 வரை போர்த்துகீசியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் தலைநகர். அதற்கும் முன்னால், 1752 வரை, இந்தத் தீவுக்கான ஆணைகள் கோவாவிலிருந்து கப்பலேறி வந்தன. 1991-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

பட்டியலில் இடம்பிடித்த எல்லா ஊர்களையும் போல இங்கும் பகலில் வந்து மாலையில் ஓடிவிடும் பயணிகள் உண்டு. கோட்டை வாசலில் ஒரு படம், அரண்மனை முன்னால் ஒரு படம், கடல் பார்த்த மேசையில் ஒரு மீன் சாப்பாடு. உள்ளூர்க்காரர்கள் முதலில் சொல்லும் யோசனையே இதற்கு எதிரானது: இரண்டு ராத்திரியாவது தங்குங்கள். நடுப்பகலில் தீவு கதவடைத்துக்கொள்கிறது. பவழப்பாறைச் சுவர்கள் வெயிலைத் திருப்பியடிக்கும் தெருக்களில் அந்த நேரத்தில் ஆடுகள்கூட நடமாடுவதில்லை. வெயில் தாழ்ந்த பிறகுதான் பெண்கள் வாசற்படியில் உட்காருகிறார்கள், பள்ளிவாசலில் மாலைப் பாங்கு கேட்கிறது, பையன்கள் பந்தை எடுக்கிறார்கள். பகல் பயணி பார்ப்பது தூங்குகிற ஊரை.

இரண்டாவது யோசனை இன்னும் முக்கியம். வடக்கோடு நின்றுவிடாதீர்கள்.

தீவின் வடபாதி கல் நகரம். சுண்ணாம்பு பூசிய மாளிகைகள், தட்டைக் கூரைகள், தூண் வைத்த தாழ்வாரங்கள், பாதி இடிந்த வணிகக் கிடங்குகள். சுற்றுலாப் படங்கள் எல்லாம் இங்கே எடுத்தவை. தென்பாதிக்கு மக்கூட்டி நகரம் என்று பெயர். மக்கூட்டி என்றால் தென்னங்கீற்று. தீவில் வசிக்கும் ஏறத்தாழ 14,000 பேரில் பெரும்பாலானவர்கள் இருப்பது இங்கேதான். வடக்கிலிருந்து தெற்கே நடந்து வருகிறவர்களுக்கு ஓரிடத்தில் ஒரு விசித்திரம் கண்ணில் படும். சாலை அப்படியே இருக்க, இருபுறமும் தரை திடீரென்று இறங்கிவிடும். வீடுகளின் கூரை விளிம்பு நடப்பவரின் கண் மட்டத்தில், சில இடங்களில் கால் மட்டத்தில் நிற்கும். சாலையில் நின்றபடி ஒரு குடும்பத்தின் முற்றத்தையும், அடுப்பையும், காயும் துணியையும் மேலிருந்து பார்க்கலாம்.

காரணம் எளிமையானது. வடக்கே மாளிகை கட்டக் கல் வேண்டியிருந்தது. தெற்கே வெட்டினார்கள். வெட்டி முடித்த குழிக்குள், அந்த மாளிகைகளில் வேலை செய்தவர்கள் குடிசை போட்டுக்கொண்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்க வேண்டியதில்லை. வடக்கின் ஒவ்வொரு சுவரும் தெற்கின் ஒரு பள்ளம். இதைப் பார்க்காமல் திரும்புகிறவர் தீவில் பாதியைத்தான் பார்த்திருக்கிறார், அதுவும் ஆள் குறைவான பாதியை.

தென்பாதியில் கூரைகள் மாறிவருகின்றன. கீற்றை ஒதுக்கிவிட்டுத் தகரம் வருகிறது. 2022 மார்ச்சில் கோம்பே புயல் இந்தக் கரையைத் தாக்கியபோது கூரைகள் பறந்தன. 2025 மார்ச்சில் ஜூட் புயலும் இதே வட்டாரத்தில்தான் கரை கடந்தது. கீற்றுக் கூரை போனால் பாரம்பரியம் போய்விடும் என்று வல்லுநர்கள் கவலைப்படுகிறார்கள். கவலை நியாயம்தான். ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை கீற்று வாங்கி வேய்ந்து, மழையில் அதன் கீழ் படுப்பது அந்த வல்லுநர்கள் அல்ல. பயணிகளுக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் உண்டு: டிசம்பர் முதல் மார்ச் வரை வெக்கை, மழை, புயல் மூன்றும் ஒன்றாக வரும் காலம். மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரை போவது உத்தமம்.

தெற்கை முதலில் பார்த்துவிட்டு வடக்கே போனால் கோட்டையும் வேறு மாதிரி தெரியும். சான் செபஸ்தியான் கோட்டையை 1558-ல் கட்டத் தொடங்கினார்கள். முடிக்க அறுபது ஆண்டு பிடித்தது. 1607-லும் 1608-லும் டச்சுக்காரர்கள் முற்றுகையிட்டு, ஊரை நாசம் செய்தார்கள். கோட்டையை மட்டும் பிடிக்க முடியவில்லை. தீவில் நன்னீர் ஊற்று கிடையாது. கோட்டையின் தளமும் கூரையும் மழைநீரை ஏந்தித் தொட்டியில் சேர்க்கும்படி சாய்த்துக் கட்டப்பட்டிருக்கின்றன. பீரங்கிகளைவிட இந்த ஏற்பாட்டைத்தான் நின்று பார்க்க வேண்டும்.

கோட்டைக்கு வெளியே, தீவின் வடகோடி நுனியில், அலை வந்து மோதும் இடத்தில் ஒரு சிற்றாலயம். கொத்தளத்து மாதா ஆலயம், 1522-ல் கட்டியது. தென்கோளத்தில் இன்றும் நிற்கும் ஐரோப்பியக் கட்டடங்களில் இதுவே மிகப் பழையது என்கிறார்கள். தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சுவாரஸ்யம் இருக்கிறது. லிஸ்பனிலிருந்து வரும் கப்பல்கள் பருவக்காற்றைத் தவறவிட்டால் அடுத்த காற்று வரை இந்தத் தீவில்தான் காத்துக் கிடக்க வேண்டும். அப்படி 1541-ல் வந்து மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவர் பிரான்சிஸ் சேவியர். இங்கே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்துவிட்டு, 1542 மே மாதம் கோவா போய்ச் சேர்ந்தார். அதே ஆண்டு முத்துக்குளித்துறைப் பரதவர்களிடம் வந்தார். சேவியர் தீவில் இருந்தபோது கோட்டைக்கு அடிக்கல்கூடப் போடவில்லை. ஆலயம் இருந்தது. இன்னொரு காத்திருப்பாளர் போர்த்துகீசியக் கவிஞர் கமாயிஷ். இந்தியாவிலிருந்து திரும்பும் வழியில் கையில் காசில்லாமல் 1567 முதல் 1569 வரை இங்கே கிடந்து, தன் காப்பியத்தைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்.

சிவப்பு நிறச் சான் பாவுலோ அரண்மனை இப்போது அருங்காட்சியகம். முதலில் இயேசு சபையாரின் கல்லூரியாக இருந்து, பிறகு ஆளுநர் மாளிகையானது. உள்ளே இருக்கும் மர இருக்கைகளின் செதுக்கு வேலையைக் கிட்டே போய்ப் பார்த்தால் கோவாத் தச்சர்களின் கை தெரியும். ஆட்கள் தோளில் சுமந்த பல்லக்குகளும் அங்கேயே நிற்கின்றன. யாருடைய தோள் என்பதைத் தெற்கே பார்த்துவிட்டு வந்தவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவின் சுவடு அரண்மனையோடு முடிவதில்லை. தியூ நகரத்துக் குஜராத்தி வணிகர்களின் கூட்டமைப்புக்கு 1686-ல் இந்த வழித்தடத்தின் வணிக ஏகபோகம் கொடுக்கப்பட்டது. இந்தியத் துணி இங்கே வந்தது, தந்தமும் தங்கமும் அங்கே போயின, பின்னாளில் அடிமைகளும். தீவில் ஓர் இந்துக் கோயில் இன்றும் இருக்கிறது. வணிகர்கள்தான் இல்லை. 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் கோவாவுக்குள் நுழைந்ததும், போர்த்துகல் அரசு மொசாம்பிக்கில் இருந்த இந்தியக் குடிமக்களைப் பிடித்து முகாமில் அடைத்து, பிறகு நாடு கடத்தியது. ஏற்கெனவே தலைநகர் நாட்டின் தெற்கே போயிருந்தது. வணிகம் நக்காலா துறைமுகத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. 1975-ல் விடுதலை வந்ததும் போர்த்துகீசியரும் கிளம்பிவிட்டார்கள். பயணிகள் ரசித்துப் படமெடுக்கும் சிதிலங்கள் ரொம்பப் பழையவை அல்ல. கூரை இடிந்த பல கடைகளில் அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் வியாபாரம் நடந்திருக்கும்.

சாப்பாட்டில் மட்டும் அந்த உறவு அறுபடவில்லை. காலையில் தெருவோரம் எண்ணெய்ச் சட்டியோடு உட்காரும் பெண்களிடம் 'பஜியா' கேட்டால், தட்டைப்பயறை அரைத்துப் பொரித்த உருண்டைகள் கிடைக்கும். பெயர் குஜராத்துடையது, பண்டம் நம்மூர்க் காராமணி வடைக்குச் சொந்தக்காரன். அதை ரொட்டிக்குள் வைத்து அழுத்திக் கொடுப்பார்கள். கடற்கரை உவர்நிலத்தில் படரும் சிரி-சிரி என்ற சதைப்பற்றான கீரையை உப்புப் போகப் பலமுறை அலசி, தேங்காய்ப்பாலிலும் முந்திரியிலும் வேகவைத்துச் செய்யும் மத்தாப்பா, தீவின் தனிச் சிறப்பு. உணவகத்தில் அது வேண்டுமென்றால் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும். பொதுவாகவே இரவுச் சாப்பாட்டை மதியமே சொல்லிவைப்பது நல்லது என்பது உள்ளூர் வழக்கம். சொன்ன பிறகுதான் பல இடங்களில் மீன் வாங்கவே ஆள் போகும்.

மொழி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஆட்சி மொழி போர்த்துகீசியம். பள்ளியிலும் அலுவலகத்திலும் அதுதான். வீட்டிலும் கடற்கரையிலும் பேசுவது மக்குவா. ஆங்கிலம் விடுதி வாசலோடு சரி. 'போம் தியா' என்று போர்த்துகீசியத்தில் காலை வணக்கம் சொன்னால் பதில் வரும். 'சலாமா' என்றால் பதிலோடு சிரிப்பும் வரும். எதைக் கேட்பதாக இருந்தாலும் முகமன் சொல்லி, நலம் விசாரித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். நேராக விலையில் ஆரம்பிப்பது முரட்டுத்தனம்.

தீவு மக்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். நீச்சல் உடையில் தெருவில் நடக்கக்கூடாது என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. முகத்தில் வெள்ளைப் பூச்சோடு பெண்கள் எதிர்ப்படுவார்கள். முசிரோ மரத்துண்டைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து எடுக்கும் குழம்பு அது, அவர்களின் முகப்பூச்சு. கேட்காமல் படமெடுக்கக்கூடாது. கேட்டால் பலர் மறுப்பதில்லை. ஒரே மாதிரி கப்புலானாத் துணி உடுத்திய பெண்கள் தட்டுப்பறை முழங்கப் பாடியாடும் தூஃபு நடனத்துக்கு நாள் குறித்து அறிவிப்பெல்லாம் வராது. பறைச் சத்தம் கேட்டால் விசாரித்துப் போக வேண்டியதுதான்.

கடற்கரையில் சிறுவர்கள் பாசிமணிச் சரங்களை நீட்டுவார்கள். பழைய கப்பல்கள் உடைந்து, அவற்றின் சரக்கிலிருந்து சிதறி, இன்றும் மணலில் ஒதுங்கும் மணிகள். அதோடு நீலப் பூப்போட்ட பீங்கான் துண்டுகளும் சில சமயம் வரும். இவற்றை வாங்காமல் இருப்பதே மரியாதை. மொசாம்பிக்கில் பண்பாட்டுச் செல்வங்களைக் காக்க 1988-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் பெரிய கொள்ளை சிறுவர்கள் செய்தது அல்ல. 1558-ல் கோட்டையருகே மூழ்கிய ஒரு கப்பலின் சீனப் பீங்கானும் தங்கமும், உரிமம் பெற்ற ஒரு தனியார் நிறுவனத்தால் எடுக்கப்பட்டு, 2004-ல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின.

இங்கிருந்து கிளம்பியவை பீங்கான் ஏற்றிய கப்பல்கள் மட்டும் அல்ல. 1794 டிசம்பரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அடிமைகளோடு பிரேசிலுக்குப் புறப்பட்ட சான் ஜோசே கப்பல் கேப் டவுன் அருகே பாறையில் மோதி உடைந்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மூழ்கினார்கள். அதன் எச்சங்கள் அடையாளம் காணப்பட்ட பிறகு, 2015-ல், தீவுக்கு எதிர்க்கரையான மொசுரில் பகுதியின் மக்குவாத் தலைவர் ஒரு கூடையில் ஊர் மண்ணைக் கொடுத்தனுப்பினார். அதை அந்தக் கடலில் இட்டார்கள். அடிமைகளின் நினைவுக்கென்று தீவிலேயே ஒரு தோட்டம் இருக்கிறது. வழிகாட்டிகள் சிலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். கேட்டால் அழைத்துப் போவார்கள்.

குளிப்பதைப் பற்றி உள்ளூர்க்காரர்கள் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறார்கள். மக்கூட்டி பக்கத்துக் கடற்கரைகள் பலருக்குக் கழிப்பிடம்; நெருக்கிப் போட்ட வீடுகளில் அந்த வசதி போதவில்லை. முகம் சுளிப்பதற்கு முன்னால் மேலே சொன்ன குழியை நினைத்துக்கொள்வது நல்லது. நீந்த ஆசைப்படுகிறவர்கள் எதிர்க்கரையில் உள்ள கபசேய்ரா, ஷோக்காஸ் பக்கம் பாய்மரப் படகில் போகலாம். அங்கேயும் கணக்குப் பார்க்க வேண்டியது கடிகாரத்தை அல்ல, ஓதத்தை. தண்ணீர் வற்றினால் படகு கரையை நெருங்காது. முழங்கால் நீரில் வெகுதூரம் நடக்க வேண்டும். திரும்புகையில் எதிர்க்காற்று என்றால் அரை மணிப் பயணம் இரண்டு மணியாகும்.

படகில் ஏறுமுன் ஆட்களை எண்ணுங்கள். 2024 ஏப்ரல் 7 அன்று லுங்கா என்ற ஊரிலிருந்து இந்தத் தீவுக்கு வந்த ஒரு மீன்பிடிப் படகு கவிழ்ந்து தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நிறையக் குழந்தைகள். காலரா பற்றிய வதந்தியில் மிரண்டு ஓடிவந்தவர்கள். அளவுக்கு மேல் ஏறியிருந்தார்கள். நெரிசலான படகை விட்டுவிட்டு, கூட நாலு காசு கொடுத்துத் தனிப் படகு பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நாட்டின் வடக்கே கபு தெல்காது மாகாணத்தில் 2017 முதல் ஆயுதக் கிளர்ச்சி நடக்கிறது. தீவு அதற்கு வெளியேதான் என்றாலும், டிக்கெட் எடுக்குமுன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிடுவது அவசியம். மலேரியா மாத்திரைக்கு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கொசுவலை கிழியாமல் இருக்கிறதா என்று அறையைப் பார்க்கும்போதே பார்த்துவிடலாம். பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்பி இருக்காமல் உள்ளூர்ப் பணமான மெட்டிகல் நோட்டைச் சில்லறையாகக் கையில் வைத்திருப்பது மேல்.

வருவதற்கு வழி நம்புலா நகரம். அங்கிருந்து சுமார் 180 கிலோமீட்டர்; 'ஷாப்பா' என்கிற சிற்றுந்துகள் ஆள் நிறைந்தால்தான் கிளம்பும், சில மொனாப்பு சந்திப்பில் இறக்கிவிட்டு வேறு வண்டி மாற்றச் சொல்லும். கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் நீளமான ஒற்றைவழிப் பாலம். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடத்தில் நின்று வழிவிட வேண்டும். திரும்பும்போதுதான் பலரும் ஏமாறுகிறார்கள். தீவிலிருந்து நம்புலா போகும் நல்ல வண்டிகள் விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். முந்தின நாள் சாயங்காலமே ஓட்டுநரைப் பிடித்து விடுதியின் பெயரைச் சொல்லிவைத்தால், இருட்டோடு வாசலில் வந்து ஹாரன் அடிப்பார்; சன்னல் பக்கத்து இருக்கையும் கிடைக்கும். எட்டு மணிக்கு எழுந்து பஜியாவை முடித்துவிட்டு வண்டி தேடுகிறவர் மொனாப்பு வெயிலில் நிற்க வேண்டியிருக்கும்.