ஜெயித்த கதை மட்டும்தான் சாட்சியா?

எங்கள் பக்கத்துச் சபைகளில் சாட்சி சொல்வதற்கு ஒரு வாய்பாடு உண்டு. முதலில் ஸ்தோத்திரம், அப்புறம் வந்த கஷ்டம், பிறகு ஜெபம், கடைசியில் விடுதலை. டாக்டர் கைவிரித்தார், கர்த்தர் எழுப்பினார். மகன் வேலையில்லாமல் இருந்தான், வேலை கிடைத்தது. ராஜபாளையத்தில் நூற்பாலைக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். சின்ன வயதிலிருந்தே இவற்றைக் கேட்டு வளர்ந்திருக்கிறேன். பொய் என்று எதையும் சொல்லமாட்டேன். ஆனால் கதை இன்னும் முடியாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த மைக் முன்னால் இடம் கிடைப்பதில்லை.

வேதாகமம் அப்படி இல்லை. தலைமைச் சீடரான பேதுரு, இயேசுவைத் தெரியவே தெரியாது என்று மூன்று முறை மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களுமே எழுதிவைத்திருக்கின்றன. அப்போஸ்தலர் நடபடிகளில் அனனியா, சப்பீராள் என்று ஒரு தம்பதி வருகிறார்கள். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு, மீதியைக் கொண்டுவந்து முழுவதும் இதுதான் என்று காட்டினார்கள். நிலமும் உன்னுடையது, பணமும் உன்னுடையது என்றுதான் பேதுரு கேட்கிறார். குறைத்துக் கொடுத்தது அங்கே குற்றமே இல்லை, முழுசாகக் கொடுத்ததுபோல் நின்றதுதான் குற்றம். காணிக்கைக் கவரைவிட இது சாட்சி நேரத்துக்குத்தான் அதிகம் பொருந்தும் என்று எனக்குத் தோன்றும்.

இந்த மண்ணுக்கு வந்த விசுவாசமும் வெற்றிக் கதையாகத் தொடங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரும் சிவகாசியும் அப்போது திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவை. 1854-இல் தாமஸ் ராக்லண்ட் இந்த வட பகுதிக்கு வந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துத் தேறியவர், சென்னையில் சி.எம்.எஸ். மிஷனின் செயலாளராக இருந்தவர். பங்களா கட்டிக்கொள்ளாமல் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். டேவிட் ஃபென், மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்களும், தெற்கேயிருந்து முறைவைத்து வந்த தமிழ் உபதேசியார்களும் கூட இருந்தார்கள். 1858 அக்டோபரில், 43 வயதில், சிவகாசியில் காலமானார். அவர் கண் முன்னால் பெரிய அறுவடை எதுவும் இல்லை. இன்றைய சாட்சிக் கூட்டத்தில் அவரை எழுப்பிவிட்டால் என்ன சொல்லியிருப்பாரோ!

அந்த ராக்லண்டின் வாழ்க்கையைப் பின்னாளில் புத்தகமாக எழுதியவர் டோனாவூர் எமி கார்மைக்கேல் அம்மையார். வெற்றிக் கதைதான் வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் அவரே அடிபட்டவர். திருநெல்வேலிக் கிராமங்களில் ஊழியம் எப்படி நடக்கிறது என்று எழுதி அனுப்பினார். மூடிய கதவுகள், கேட்காத செவிகள், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமிகள் என்று பார்த்ததையெல்லாம் எழுதியிருந்தார். இன்னும் உற்சாகமூட்டும்படி மாற்றுங்கள் என்று கையெழுத்துப் பிரதி திரும்பி வந்தது. அவர் மாற்றவில்லை. 1903-இல் உள்ளது உள்ளபடியே வெளிவந்தது. இதெல்லாம் உண்மைதானா என்ற சந்தேகத்துக்குப் பதிலாக, மற்ற மிஷனரிகளின் ஒப்புதல் குறிப்புகளையும் பின்வந்த பதிப்பில் சேர்க்க வேண்டியிருந்தது.

நூற்பாலையில் நாற்பதாம் நம்பர் நூல் என்று லேபிள் ஒட்டியிருப்பதால் மட்டும் யாரும் நம்பிவிட மாட்டார்கள். 120 கஜம் சுற்றி எடுத்து எடை போட்டுப் பார்ப்பார்கள். எடை தப்பினால் மிஷினைச் சரிசெய்ய வழி உண்டு. எடையே போடாவிட்டால் ஏது வழி? எபேசியருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் உண்மையையும் அன்பையும் வளர்ச்சியையும் ஒரே மூச்சில் சொல்வதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா வீட்டுப் பக்கம் பெண்கள் கூடும் ஒரு ஜெபக்குழு உண்டு. அதில் ஒரு தாய், மகனுடைய "சரீர சுகத்துக்காக" வாரம் தவறாமல் ஜெபிக்கக் கேட்பார். ஒருநாள், "அவன் குடிக்கிறான்க்கா, அதுக்காக ஜெபம் பண்ணுங்க" என்று நேராகவே சொல்லிவிட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வீட்லயும் அதேதான்" என்றார் இன்னொருவர். குடியை நிறுத்தச் சிகிச்சை எங்கே கிடைக்கும், கூட யார் போவது என்று அன்றைக்குத்தான் பேச்சு வந்தது. மகன் திருந்திவிட்டானா என்று கேட்பீர்கள். இன்னும் இல்லை. ஆனால் அந்தத் தாய் இப்போது ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போவதில்லை.

இதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. "ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று தொடங்கி அடுத்த வீட்டுச் சமாசாரம் முழுவதையும் இறக்கிவைப்பவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. தன்னைப் பற்றிச் சொல்வதுதான் அறிக்கை. பிறரைப் பற்றிச் சொன்னால் அது புறணி. கத்தோலிக்கர் குருவிடம் தனியாகப் பாவசங்கீர்த்தனம் செய்வதிலும், கேட்டதை அவர் வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாட்டிலும் இந்த எச்சரிக்கை இருக்கிறது. எங்கள் சி.எஸ்.ஐ. ஆராதனையில் பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில் சொல்கிறோம். சேர்ந்து சொல்வதில் ஆறுதல் உண்டு, ஒளிந்துகொள்ள வசதியும் உண்டு. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடச் சொல்லும் யாக்கோபின் நிருபம் அந்த வசதியைத் தருவதில்லை.

புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். ஆசீர்வாதம், பாதுகாப்பு, பெருக்கம் என்றுதான் வரும். காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற இயேசுவின் கட்டளை யார் கைக்கும் வந்து நான் பார்த்ததில்லை. அதையும் ஒரு அட்டையில் அச்சடித்துக் கட்டோடு கலந்துவிடுங்கள் என்று எங்கள் சேகரத்தில் கேட்கப்போகிறேன். அது என் கைக்கே வந்தால், முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டவேண்டும் என்பது எனக்குத் தெரியும்.