அன்னாசியைப் பூக்க வைக்கும் புகை

காமயகவுண்டன்பட்டியில் வளரும் எங்களுக்குத் திராட்சைப் பந்தல்தான் பழக்கம். அன்னாசிக்குப் பேர் பெற்றது மலைக்கு அப்பாலுள்ள கேரளத்து வாழக்குளம். 2009-இல் புவிசார் குறியீடும் பெற்றது. அங்கே ரப்பர் கன்றுகள் வளர்ந்து நிழல் பரப்பும் வரை, இடைவெளியில் அன்னாசி நடுகிறார்கள். பலருக்கு அது குத்தகை நிலம்.

ஒரு செடி ஒரு தடவைக்கு ஒரே பழம்தான் தரும். தானாகப் பூக்க விட்டால் இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று எனப் பழுக்கும். வியாபாரிக்கோ லாரி நிறைய வேண்டுமே!

வழி காட்டியது புகை. போர்ச்சுக்கலின் அசோரஸ் தீவுகளில், கண்ணாடிக் கூடங்களில் புகை மூட்டினால் அன்னாசிச் செடிகள் ஒருசேரப் பூப்பதைக் கண்டார்கள். புகையிலுள்ள எத்திலீன் வாயுவே காரணம். (நம் வீடுகளில் புகை போட்டு வாழைத்தாரைப் பழுக்க வைப்பதும் இதே வாயுதான்!) இன்று எத்திஃபான் என்னும் மருந்தை நீரில் கரைத்துச் செடியின் குருத்தில் ஊற்றுகிறார்கள். அதிலிருந்து எத்திலீன் வெளிப்படும். ஏறக்குறைய ஐந்து மாதத்தில் அறுவடை.

ஆனால் எல்லோரும் ஒரே வாரத்தில் ஊற்றினால் எல்லாத் தோட்டமும் சேர்ந்து பழுத்து, விலை விழுந்துவிடும். பழுத்த அன்னாசி விலை ஏறும்வரை காத்திராது. காயாகப் பறித்தாலோ பிறகு இனிப்பு ஏறாது. குத்தகைப் பணம் கொடுத்தவருக்கு அது பேரிடி. ஆகவே விவரமான விவசாயி தோட்டத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வேறு வேறு நாளில் மருந்து ஊற்றுகிறார். கப்பல் கப்பலாக அன்னாசி ஏற்றுமதி செய்யும் கோஸ்டாரிகாவிலும் அதே எத்திலீன், அதே நாட்கணக்குதான்.